அவர் எழுதாத வரி

கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்த அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜூன் 29 தீர்ப்புக்குப் பின் வந்த முதல் சேர்க்கைப் பருவத்தில், ஒரு மாணவரின் கோப்பைப் பற்றி எங்கள் சேர்க்கைக் குழுவில் நான் எழுப்பிய ஆட்சேபம் சட்டப்படி சரியானது என்றுதான் இன்றும் நம்புகிறேன். அப்படி நம்பியும் அது ஏன் என்னை விட்டு அகலவில்லை என்பது விளங்கவில்லை. (மாணவர் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இனத்தைக் குறிக்கும் கட்டம் எங்களுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருந்தது. மாணவர் தம் கட்டுரையில் பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தார். உயர்நிலைக் கணித வகுப்பில் அவர் ஒருவரே கறுப்பின மாணவர் என்ற வரி, பள்ளி ஆலோசகரின் கடிதத்தில் இருந்தது. எங்கள் குழுவின் மூத்தவரான கறுப்பினப் பெண்மணி, அதை அவருடைய மனவுறுதிக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்றார். "மாணவர் அதைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லையே, நாமாக நிரப்பலாமா?" என்று கேட்டேன்.

"எழுதியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பீர்களா?"

"ஆம்."

"அப்படியானால், பதினேழு வயதுப் பிள்ளை தன் காயத்தைத் திறந்து காட்டினால்தான் உங்களுக்குத் தெரியுமா?"

அதற்குமேல் யாரும் பேசவில்லை. கோப்பு காத்திருப்போர் பட்டியலுக்குப் போனது.

ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு, இனத்தை இனம் என்பதற்காகவே கணக்கில் எடுப்பதைத் தடுத்தது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பதாரர் சொன்னால், அதை அவருடைய துணிவோடும் உறுதியோடும் பொருத்திப் பார்க்கலாம் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் நீதித் துறையும் கல்வித் துறையும் வெளியிட்ட விளக்கம், பரிந்துரைப்பவர் சொல்வதையும் கருதலாம் என்று கூறி, வெள்ளையர் மிகுந்த பள்ளியில் தனிமையுணர்வை வென்று விவாதக் குழுவில் சேர்ந்த லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவி ஒருவரை எடுத்துக்காட்டாகத் தந்தது. அங்கே மாணவி செய்த ஒரு செயல் இருக்கிறது. எங்கள் கோப்பில் இருந்ததோ வகுப்பில் அவர் ஒருவர் என்ற தகவல் மட்டுமே. இந்த வேறுபாட்டைத்தான் நான் பற்றிக்கொண்டேன். ஒருவருடைய எதிர்காலத்தைத் தாங்கும் அளவுக்கு அது வலுவானதா என்று அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் பொறியியல் படித்தேன். சாதிச் சான்றிதழை நீட்டினேன், கலந்தாய்வில் இடம் கிடைத்தது. என் பாட்டனார் பட்ட இழிவைக் கட்டுரையாக எழுதித் தரும்படி யாரும் கேட்கவில்லை. இங்கே இன அடிப்படையில் இடங்களை ஒதுக்குவது 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பக்கி வழக்கிலேயே தடுக்கப்பட்டுவிட்டது என்பதால் இரண்டையும் ஒப்பிடுவது முறையல்ல என்று எனக்கே பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும், எனக்குக் கேட்காமலே கிடைத்த அந்த மரியாதையை அவருக்குக் கொடுக்க மறுத்தவர் நான்தானே என்ற எண்ணம் அந்தப் பதிலுக்கு அடங்குவதில்லை.

மறுபக்கமும் உண்மையே. ஹார்வர்டின் பண்புநல மதிப்பீட்டில் ஆசிய அமெரிக்கர்கள் சராசரியாகக் குறைவான புள்ளிகளே பெற்றிருந்தது வழக்கில் வெளிவந்தது. ஒருவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை வைத்து அவர் மனத்தை ஊகிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அதனால்தான் ஊகிக்க மறுத்தேன். ஆனால் அப்போது என் மகளும் பள்ளியிறுதியில் இருந்தாள். உறவினர் வீடுகளில் தீர்ப்பை நிம்மதியோடு பேசிக்கொண்டார்கள். அந்த நிம்மதியில் எனக்குப் பங்கே இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. 2024-இல் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில்) சேர்ந்த முதலாண்டு மாணவரில் கறுப்பினத்தவர் 5 விழுக்காடு என்ற செய்தி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் சராசரி 13. அதைப் படித்தபோது அந்தக் கோப்புதான் முதலில் நினைவுக்கு வந்தது.

2025 பிப்ரவரி 14 அன்று, ஆட்சி மாறிய பின், அதே கல்வித் துறை வேறொரு கடிதம் அனுப்பியது: கட்டுரைகளையோ வேறு குறிப்புகளையோ கொண்டு மாணவரின் இனத்தைக் கணித்துச் சலுகை காட்டக் கூடாது என்றது. குழுவில் நான் சொன்னது ஏறக்குறைய இதுதான். என் வாதத்தை அரசே வழிமொழிந்தபோது எனக்கு ஆறுதல் பிறக்கவில்லை. அந்தக் கடிதம் நோக்கிய இடம் நான் போக விரும்பிய இடமல்ல. ஆகஸ்டில் மேரிலாந்தின் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது மகிழ்ந்தேன். என் வாதம் சரியென்றால் நான் மகிழ்ந்தது எப்படிச் சரியாகும்?

அதே கோப்பு மீண்டும் வந்தால் அதே ஆட்சேபத்தைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். இப்போது பள்ளி ஆலோசகர்களிடம் பேசும்போதெல்லாம், மாணவர் அந்தச் சூழலில் என்ன செய்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்று வற்புறுத்துகிறேன். அப்படி எழுதப்பட்ட கடிதங்களால் சிலருக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த வானொலி மாணவர் சொல்ல விரும்பாததை, அவரைக் கேட்காமலே வேறொருவர் எழுதும்படி நான் செய்துகொண்டிருக்கிறேனோ என்ற ஐயமும் கூடவே வருகிறது.