தும்பைப்பட்டியின் கக்கன்
மேலூர் அருகே தும்பைப்பட்டியில் 1908-இல் பிறந்த பி. கக்கன் அவர்களை 'எளிமை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிடுவது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தலைமையில், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அதுவரை அனுமதி மறுக்கப்பட்டிருந்த மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் நுழைந்தவர்களில் அவரும் ஒருவர். அமைச்சராவதற்கு நெடுங்காலம் முன்பே அந்த ஓர் அடி வரலாறாகிவிட்டது. விடுதலைப் போராட்டத்தில் சிறை, 1952-இல் நாடாளுமன்றம், பின்னர் மாநில அமைச்சராகப் பொதுப்பணி, உள்துறை எனப் பொறுப்புகள் தொடர்ந்தன. 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை அவரிடமே இருந்தது. 1967 தேர்தலில் தோற்ற பிறகு, பத்தாண்டுகள் அமைச்சராக இருந்த அந்த மனிதர் மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் படுத்திருப்பதை, வேறொருவரைப் பார்க்க வந்திருந்த முதல்வர் எம்.ஜி.ஆர். அறிந்து, நேரில் சென்று கண்டு, உரிய சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். 1981 டிசம்பரில் கக்கன் மறைந்தார்.