செம்மண் சரளையில் ஒன்பது மாதங்கள்: வடசென்னையிலிருந்து ஒரு மவுண்டன் பைக் பயிற்சிக் குறிப்பு

தண்டையார்பேட்டையில் குடியிருந்துகொண்டு, மவுண்டன் பைக் என்ற கரடுமுரடான பாதைக்கான சைக்கிளைப் பழகப் போகிறேன் என்றதும், பக்கத்தில் மலை எங்கே இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் ஜனவரி முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓட்டிப் பார்த்த பிறகு, இந்தச் சைக்கிளுக்கு உயரத்தைவிட மண்தான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. மண் நம் பக்கத்தில் வகைவகையாகக் கிடக்கிறது.

வண்டி பழையது. 27.5 அங்குலச் சக்கரம், 2.1 அங்குல அகல டயர், முன்புறம் மட்டும் சஸ்பென்ஷன், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். தெருமுனை சைக்கிள் கடைக்காரர் சங்கிலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சீட்டை மட்டும் நெஞ்சு ஒசரத்துக்கு ஏத்தி வெக்காத தம்பி, எறக்கத்துல தூக்கிப் போட்டுடும்” என்றார். அதன் பொருள் எனக்கு ஏப்ரலில்தான் விளங்கியது.

வெளிநாட்டு வனப்பாதைகளில் ஒவ்வொரு தடமும் எவ்வளவு கடினம் என்பதை நிறத்தால் குறித்திருப்பார்கள். பனிச்சறுக்கு மைதானங்களிலிருந்து வந்த வழக்கம் அது. வட அமெரிக்காவில் எளியதற்குப் பச்சை வட்டம், நடுத்தரத்துக்கு நீலச் சதுரம், கடினமானதற்குக் கறுப்பு வைரம். பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. தென் ஸ்காட்லாந்தில் ‘செவன் ஸ்டேன்ஸ்’ என்ற பெயரில் உள்ள ஏழு மையங்களில் புதிதாக வருபவருக்கும் பழகியவருக்கும் இப்படித் தனித்தனித் தடங்கள் உண்டு. 1988இல் தொடங்கப்பட்ட ஐஎம்பிஏ என்ற சர்வதேச மவுண்டன் பைக் அமைப்பின் வழிகாட்டுதலில் அளவுகளும் இருக்கின்றன. பச்சைத் தடம் 36 அங்குல அகலமாவது இருக்க வேண்டும், சராசரி ஏற்றம் நூறு அடிக்கு ஐந்து அடிக்குள் அமைய வேண்டும். நீலத்துக்கு 24 அங்குலமும் நூறுக்குப் பத்தும், கறுப்புக்கு 12 அங்குலமும் நூறுக்குப் பதினைந்தும் கணக்கு. இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நம் பக்கத்துத் தடங்களை அவற்றோடு பொருத்திப் பார்த்ததுதான் இந்த ஒன்பது மாதங்களில் நான் செய்த வேலை.

முதல் மூன்று வாரமும் ஊரைவிட்டு வெளியே போகவில்லை. விடியற்காலையில் ஆளில்லாத மைதானத்தில் கோலமாவால் இரண்டு கோடுகள் இழுத்து, அவற்றுக்கிடையே நடை வேகத்தில் ஓட்டினேன். 24 அங்குலத்தில் இரண்டாம் நாளே போக முடிந்தது; 12 அங்குலத்துக்குப் பதினேழு நாள் ஆனது. முன்சக்கரத்தைப் பார்த்தால் வண்டி கோட்டைத் தாண்டுகிறது, இருபது அடி தள்ளிப் பார்த்தால் நேராகப் போகிறது. சொல்ல எளிது, கண்ணைப் பழக்குவதுதான் பெரும்பாடு.

பிப்ரவரியில் செங்குன்றம் தாண்டிச் சோழவரம் பக்கத்து வண்டித்தடங்களுக்குப் போனேன். மாதவரம் வழியாகப் போகும் சாலையில் கண்டெய்னர் லாரிகள் மிகுதி என்பதால், காலை நான்கரைக்கே கிளம்பி, பின்விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரமாகவே ஓட்டினேன். பெயருக்கு ஏற்றபடி செங்குன்றத்தைச் சுற்றிலும் மண் சிவப்பு. காய்ந்த செம்மண் இறுகி, சிமெண்டுத் தரைபோலச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதே மண்ணின் மேல் சரளை உதிர்ந்து கிடந்தால் கதை வேறு. புன்னைக்காய் அளவு உருண்டைக் கற்கள் டயருக்கு அடியில் உருண்டு, வண்டியைத் தாமே எடுத்துப் போகின்றன. வண்டித்தடத்தை என் தாளில் பச்சை என்றும், சரளை கிடக்கும் பகுதியை நீலம் என்றும் குறித்துக்கொண்டேன். வயல் வரப்பு அகலத்தில் கறுப்புக்குச் சமம். ஆனால் அது ஒருவர் நடப்பதற்காக மண் அணைத்து வைத்தது. சைக்கிள் ஏற்றினால் விளிம்பு உடையும் என்பதால் அதில் நான் ஓட்டவில்லை.

முள்ளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கம் ஓட்டுகிறவரின் பொறுமையைச் சோதிப்பது அதுதான். சீமைக் கருவேல முள் டயரைத் துளைத்து உள்ளேயே முறிந்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டியூபை மாற்றிவிட்டுக் காற்றடித்தால் பத்து நிமிடத்தில் அதே இடத்தில் மறுபடியும் பஞ்சராகும். இரண்டு டியூபை இப்படி இழந்த பிறகு, டயரின் உட்பக்கத்தை ஒரு துணியால் முழுச் சுற்றும் துடைக்கக் கற்றுக்கொண்டேன். முள்நுனி துணியில் மாட்டிக்கொள்ளும், விரலும் தப்பிக்கும். நெருஞ்சி முள்ளின் துளை சிறியது. ஓட்டும்போது தெரியாமல், வீட்டுக்கு வந்து சாத்தி வைத்த பிறகு இரவில் காற்று இறங்கியிருக்கும். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் புது டியூபுக்கும் இடையே பட்டையாக வைத்த பிறகு நெருஞ்சித் தொல்லை பெரிதும் குறைந்தது. எடை சற்றுக் கூடியது, அதைப் பொருட்படுத்தவில்லை.

மார்ச்சில் கடற்பக்கம் போய், பழவேற்காடு சாலையை ஒட்டிய மணல் தடங்களில் ஓட்டினேன். ஏரியின் பறவைகள் சரணாலயப் பகுதிக்குள் சக்கரத்தைக் கொண்டுபோகவில்லை. முதல் நாள் 45 பிஎஸ்ஐ காற்றோடு இறங்கியதில் சக்கரம் புதைந்தது. 26க்குக் குறைத்த பிறகு டயர் பரந்து மணல்மேல் மிதந்தது. அதற்கும் கீழே போனால் கல்லில் மோதும்போது டியூப் விளிம்போடு நசுங்கி இரட்டைத் துளை விழும். மணலுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துக்கொண்டு, இடுப்பைச் சற்றுப் பின்னே தள்ளி, ஹேண்டில்பாரைத் திருப்பாமல் ஒரே சீராக மிதிக்க வேண்டும். வீடு திரும்பிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விடாவிட்டால், உப்பு சங்கிலியைத் தின்றுவிடும்.

ஏப்ரலில் விழுந்தேன். பொன்னேரிக்குப் போகும் வழியில் ஒரு சிற்றூர் ஏரிக்கரை. அதன் சரிவு பதினைந்தடி நீளம்கூட இராது. கடைக்காரர் சொன்னதை மறந்து சீட்டை உயர்த்தியே வைத்திருந்ததால் உடம்பைப் பின்னே கொண்டுபோக முடியவில்லை. பாதி இறக்கத்தில் பயந்து முன்பிரேக்கை இறுக்கினேன். பிரேக் பிடிக்கும்போது எடையின் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கு வருவதால் முன்பிரேக்குக்குத்தான் வலு அதிகம். ஆனால் சரளையில் அதை வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும். முழங்கை உரிந்தது, உள்ளங்கையில் கல் பதிந்தது.

என்னைத் தூக்கிவிட்ட பெரியவர் முதலில் தண்ணீர் கொடுத்தார், பிறகு கரையைக் காட்டினார். “அடிபட்டது ஆறிடும் தம்பி. ஆனா இப்படி நேரா எறங்காதீங்க. சக்கரம் போட்ட கோட்டுல மழைத்தண்ணி ஓடும், ஓடினா கரை அரிக்கும்.” ஐஎம்பிஏவின் தடம் அமைக்கும் விதிகளிலும் இதுதான் இருக்கிறது. சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் தடத்தின் சாய்வு இருக்கக் கூடாது. இருந்தால் தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடக்காமல் அதையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். அந்தப் பெரியவருக்கு விதி எதுவும் தேவைப்படவில்லை, ஏரி தெரிந்திருந்தது. அன்றிலிருந்து ஏரிக்கரைச் சரிவுகளை விட்டுவிட்டு, வண்டி இறங்குவதற்கென்று சாய்வாக அமைத்த பாதைகளில் மட்டுமே இறங்குகிறேன்.

கத்திரி வெயிலில் ஓட்டவில்லை. சீட்டை இறக்கிவிட்டு, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, முழங்காலை மடித்து நிற்கும் பயிற்சியை மட்டும் வீட்டு வாசலில் செய்தேன்.

ஜூலையில் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையில் நடந்தேன். 2024 அக்டோபரில் தொடங்கிய டிரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 பாதைகளில் அதுவும் ஒன்று. அவை நடப்பவர்களுக்கானவை, காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். ஆகவே சைக்கிள் வீட்டிலேயே இருந்தது. ஆனால் வழியெங்கும் கிடந்த கூழாங்கற்களைப் பார்க்கும்போது, எங்கே பிரேக்கை விட வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. ஆறு மாதத்துக்கு முன் அந்தப் பாதையில் நான் வெறும் கல்லைத்தான் பார்த்திருப்பேன்.

நமக்குக் காடு வேண்டும் என்றுகூட நான் கேட்க மாட்டேன். பம்ப் டிராக் என்று ஒன்று உண்டு. மண்ணைக் குவித்து அலைபோன்ற மேடுகளும் சாய்ந்த வளைவுகளும் அமைத்த சிறு வட்டப்பாதை. பெடல் மிதிக்காமல் கைகளாலும் கால்களாலும் வண்டியை அழுத்தியும் தளர்த்தியுமே வேகம் எடுக்கலாம். குழந்தை மெதுவாக உருட்டிப் போகும் அதே மேட்டைத் தேர்ந்தவர் தாவிக் கடப்பார். மலை தேவையில்லை, ஒரு கால்பந்து மைதானத்தின் ஓரம் போதும். கால்பந்துக்கும் கேரமுக்கும் குத்துச்சண்டைக்கும் இத்தனை பேரை வளர்த்த வடசென்னையில் இப்படி ஒன்று அமைந்தால், தெருவுக்கு நான்கு பிள்ளைகள் சைக்கிளோடு வந்து நிற்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செப்டம்பர் கடைசி ஞாயிறன்று, சோழவரம் பக்கத்துச் சரளை வளைவை ஐந்து முறை முயன்றதில் மூன்று முறை கால் ஊன்றாமல் கடந்தேன். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிட்டு, உள்ளே நுழைந்த பிறகு அதை விரலால் தொடாமல் விட்டதுதான் வித்தியாசம். அன்று பதினொரு வயதான அக்கா மகளும் கூட வந்து, பச்சை என்று நான் குறித்திருந்த வண்டித்தடத்தை முழுவதும் தன் சிறிய சைக்கிளிலேயே ஓட்டி முடித்தாள். “மாமா, அந்த வளைவுல நான் எப்போ போறது?” என்று கேட்டாள். இன்னும் சில நாளில் மழை தொடங்கிவிடும். ஈர மண்ணில் ஓட்டினால் தடம் கெடும். பொங்கல் கழிந்து மண் இறுகியதும் போகலாம் என்று சொல்லி, அவள் சீட்டை இரண்டு விரல் இறக்கி வைத்திருக்கிறேன். அதுவரை மைதானத்தில் கோலமாவுக் கோடுகளுக்கு நடுவே அவள் பழகட்டும்.