தங்கையையும் கேட்க வேண்டும்

பெரியவனுக்கு ரத்தப் புற்றுநோய் திரும்ப வந்தபோது வயது பதினொன்று. நோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் மெயின்டனன்ஸ் மாத்திரை ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே வந்துவிட்டதால் கீமோ மட்டும் போதாது, நோயை மறுபடி அடக்கிவிட்டு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் போகலாம் என்றார்கள். கூடப்பிறந்த ஒருவரின் மஜ்ஜை முழுசாகப் பொருந்த நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. எங்களுக்கு இன்னொரு பிள்ளை என்றால் எட்டு வயது மகள் ஒருத்திதான்.

இதை எழுதுவது அவளுக்காக. நோயாளிப் பிள்ளையின் பெற்றோர் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்; மஜ்ஜை கொடுக்கிற பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று நான் தேடியபோது எதுவும் கிடைக்கவில்லை.

அவளுக்கு டெஸ்ட் எடுப்பதற்கு முன்பே டாக்டர் எங்களை உட்கார வைத்துவிட்டார். “ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி பேசிடலாம். பொருந்திருச்சுன்னு தெரிஞ்சப்புறம் யாராலயும் நிதானமா யோசிக்க முடியாது.” அப்பாவோ அம்மாவோ பாதிப் பொருத்தத்தில் கொடுக்கலாம், 2009 முதல் சென்னையில் இயங்கும் தாத்ரி போன்ற, மஜ்ஜை கொடுக்க முன்வருகிறவர்களின் பதிவேட்டில் வெளியாளைத் தேடலாம், ஒவ்வொன்றிலும் என்ன சிக்கல் என்று சொன்னார். இவளை விட்டால் வழியே இல்லை என்று நினைத்துப் போன எங்களுக்கு இது பெரிய தகவல். அது தெரியாமல் அவளிடம் பேசியிருந்தால் அதற்குப் பெயர் கேட்பது அல்ல.

பொருந்தியது. வீட்டில் எல்லோரும் முடிவாகிவிட்டது என்றே நினைத்தார்கள். “கூடப்பொறந்தவனுக்குக் கொடுக்க அவகிட்ட என்னம்மா கேள்வி?” என்றார் அத்தை. என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். ஆஸ்பத்திரியில்தான் அப்படி விடவில்லை. மகனுக்குப் பார்க்கும் டாக்டர்கள் மகளுக்குப் பார்க்க மாட்டார்களாம். பொதுக் குழந்தைகள் பிரிவிலிருந்து ஒரு டாக்டரம்மா, அவளுக்கென்று மட்டும். காரணம் சம்மதப் படிவத்தைப் பார்த்ததும் புரிந்தது: வாங்குகிற பிள்ளைக்கும் கையெழுத்து நாங்கள்தான், கொடுக்கிற பிள்ளைக்கும் நாங்கள்தான். ஒரு பிள்ளையின் உயிருக்காகத் தவிக்கிற பெற்றோர் இன்னொரு பிள்ளைக்காக நடுநிலையாக முடிவெடுப்பார்கள் என்று எப்படி நம்புவது? ஆராய்ச்சியில் சேர்க்கும் குழந்தைகளிடமே 7 வயதிலிருந்து வாய்மொழிச் சம்மதமும், 12 வயதுக்கு மேல் எழுத்துச் சம்மதமும் கேட்கச் சொல்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள். இது ஆராய்ச்சி இல்லைதான், ஆனாலும் அதே வழக்கத்தைத்தான் நாங்களும் வைத்திருக்கிறோம் என்றார் டாக்டரம்மா.

நாங்கள் அறையில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. ஒரு துணிப் பொம்மையைக் குப்புறப் போட்டு, இடுப்பின் பின்பக்கம் இரண்டு பக்கமும் பேனாவால் புள்ளி வைத்துக் காட்டினார். இங்கேதான் ஊசி, பல தடவை போகும், ஆனால் மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பாய், எழுந்ததும் வலிக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். அவள் எடைக்குக் கிலோவுக்கு 20 மில்லிக்கு மேல் எடுக்க மாட்டோம் என்பதை எங்களைப் பார்த்துச் சொன்னார்.

அவள் கேட்டாள்: “எனக்கு மிச்சம் இருக்குமா?” சில வாரத்தில் உடம்பே செய்துவிடும் என்றார். “அண்ணனுக்கு மாதிரி முடி கொட்டுமா?” கொட்டாது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “வேண்டாம்னா அம்மா அழுவாங்களா?”

“அழலாம். அதுக்கு நீ பொறுப்பில்ல.”

நாற்காலியில் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு அவள் சரி என்று சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது நிபந்தனையோடு வந்தாள்: முதலில் மாஸ்க், தூங்கின பிறகுதான் கையில் ஊசி. மயக்க மருந்து டாக்டர் ஒத்துக்கொண்டார், அப்படியே செய்தும் கொடுத்தார்.

எங்களுக்கு ஒரு கட்டளை: “நீதான் அண்ணனைக் காப்பாத்தப்போறே” என்று யாரும் சொல்லக் கூடாது. செல் நன்றாகப் பிடித்தும் நோய் திரும்பலாம், வேறு சிக்கலும் வரலாம். அப்போது அந்தப் பாரம் எட்டு வயதுத் தலையில் ஏறும். சொல்வது சுலபம். போனில் ஒவ்வொரு சொந்தமும் அதையேதான் ஆரம்பிக்கும். “தெய்வம்டி நீ” என்ற பெரியம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கியிருக்கிறேன். சித்தப்பா சைக்கிள் வாங்கித் தருவதாக இருந்ததையும் தள்ளிப்போட்டோம். ஆசை காட்டிச் சம்மதம் வாங்கினதாக ஆகிவிடும்.

எடுத்தது, கொடுத்தது எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. ரத்தம் ஏற்றுவது போலத்தான், பார்க்க ஒன்றுமில்லை. சில நாள் மாடிப்படி ஏற வலித்தது, அப்புறம் இரும்புச்சத்து டானிக். ஒன்றை மட்டும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: நான் மகனோடு தனி அறைக்குள் அடைபட்டிருந்தேன், வெளியே வர முடியாது. மயக்கம் தெளியும்போது மகள் பக்கத்தில் இருக்கப்போவது யார் என்று அவளிடமே கேட்டு முடிவு செய்திருந்தோம். ஆச்சி வேண்டும் என்றாள்.

கவுன்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஏறியது. பிறகு பெரியவனுக்கு உள்ளங்கையில், காதோரத்தில் சிவந்து தடித்தது. கொடுத்தவரின் செல் வாங்கியவரின் உடம்போடு மோதுவதால் வருவது. யாரோ பேசியதை அவள் கேட்டுவிட்டாள். “என் செல்தான் அண்ணனைக் கடிக்குதா?” என்று வீடியோ காலில் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. டாக்டரம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் கொடுத்ததோடு அவர் வேலை முடியவில்லை. மறுநாளே கூப்பிட்டுப் பேசினார். செல் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது, புது வீடு பழகவில்லை, அடக்க மருந்து கொடுக்கிறோம், நீ செய்த எதனாலும் இல்லை என்றார். “மருந்து பேரு என்ன?” என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுத்துப் பிழையை அண்ணன் திருத்தினான்.