ஆரஞ்சு மூடி, சிவப்பு மூடி: அப்பாவுக்கு இன்சுலின் போடப் பழகிய கதை

கால் புண்ணுக்காக அப்பாவை மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தோம். வைத்தியத்தில் குறை இல்லை. புண் ஆறத் தொடங்கியதும் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டிஸ்சார்ஜ் என்றார்கள். இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்து, பில் கட்டி வெளியே வர மாலை ஐந்தரை. அந்த ஏழரை மணி நேரத்தில், வீட்டில் இன்சுலின் எப்படிப் போடுவது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது இரண்டு நிமிடம்.

"வயித்துல போடுங்க. காலைல 20, ராத்திரி 12. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. பாட்டிலை ஃப்ரிட்ஜ்ல வைங்க. டவுட் இருக்கா சார்?"

இல்லை என்றேன். டவுட் வருவதற்குக்கூட ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமே. அந்த சிஸ்டரைத் திட்டவும் மனசு வரவில்லை. ஒரு வார்டு முழுக்க அவர் ஒருவர்தான் ஓடிக்கொண்டிருந்தார்.

கீழே மெடிக்கலில் பாட்டிலும் பத்து சிரிஞ்சும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தோம். அன்று ராத்திரி முதல் ஊசி நான் போட்டேன். கை நடுங்கியது, அப்பா என்னைச் சமாதானப்படுத்தினார். அதோடு கஷ்டம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் காலை வெறும் வயிற்றில் 150, 160 என்று இருந்த சுகர், ஞாயிறு காலை 240. திங்கள் 290. அதே மருந்து, அதே 20 யூனிட். இந்த ஒரு விஷயத்தை யாராவது ஒருவர் பிடித்திருந்தால் மீதிக் கதை நடந்திருக்காது. பிடிக்கவில்லை. வீட்டில் நடந்தது விசாரணை. அம்மா இட்லியை எண்ணி வைத்தார். அப்பா யாருக்கும் தெரியாமல் வாழைப்பழம் சாப்பிடுகிறார் என்று நானே சந்தேகப்பட்டுக் கேட்டு, அவர் ஒரு வேளை பேசாமல் இருந்தார்.

திங்கட்கிழமை வார்டுக்கு போன் செய்தேன். ஓ.பி.யில் வந்து கேளுங்கள் என்றார்கள். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போனேன். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "டிஸ்சார்ஜ் ஆன பேஷண்டுக்கு வார்டுல எதுவும் சொல்ல மாட்டாங்க. சுகர் டாக்டர் லீவு. ஊசி சொல்லித் தர்ற மேடம் செவ்வாய், வெள்ளி மட்டும்தான்" என்றார். ஊசி சொல்லித் தர ஒரு மேடம் இருக்கிறார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். ஒன்பது நாளில் செவ்வாயும் வெள்ளியும் வந்து போயிருந்தன!

புதன்கிழமை உள்ளூர் டாக்டரிடம் காட்டினோம். நோட்டில் எழுதியிருந்த அளவுகளைப் பார்த்தார், அரிசியைக் குறைக்கச் சொன்னார், காலை 30, ராத்திரி 18 என்று ஏற்றினார். எதில் போடுகிறீர்கள் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் காட்டவில்லை.

வியாழன் காலையோடு மதுரையில் வாங்கிய பத்து சிரிஞ்சும் தீர்ந்தது. ராத்திரிக்கு எங்கள் ஊர்க் கடையில் வாங்கினேன். இதன் மூடி சிவப்பு, பழையதன் மூடி ஆரஞ்சு. கம்பெனி வேறு போல என்று விட்டுவிட்டேன். வெள்ளி காலை சுகர் 155. டோஸ் ஏற்றியது வேலை செய்கிறது என்று வீடே சந்தோஷப்பட்டது. தெம்பாக 30 போட்டேன்.

பதினொன்றரை மணி இருக்கும். அப்பா திண்ணையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். "வெளியே போறீங்களாப்பா?" என்றேன். "கரண்ட் பில்லு வந்துருச்சா?" என்றார். பனியன் முழுக்க நனைந்திருந்தது. வெயிலில் உட்கார்ந்ததால் வேர்க்கிறது என்றார் அம்மா. எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை, விரலைக் குத்திப் பார்த்தேன். 48.

மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 54தான். பயத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கத்து வீட்டுப் பையன் குளுக்கோஸ் பவுடர் கொண்டு வந்தான். அதைக் கொடுத்த பிறகு 91. அப்புறம் தயிர்சாதம். பொத்தான் போட்டதெல்லாம் அப்பாவுக்கு ஞாபகமே இல்லை.

அம்மாவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் பிரஷர் மாத்திரை கொண்டு வரும் அக்காவுக்கு அம்மா போன் போட்டார். "நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல சுகர், பிரஷருக்குன்னே ஒரு சிஸ்டர் இருக்காங்க. அப்பாவையும் கூட்டிட்டு, ஊசி, மருந்து, மாத்திரைச் சீட்டு, குப்பையில போட்டது உட்பட எல்லாத்தையும் அப்படியே எடுத்துட்டு வாங்க" என்றார். குப்பை எதற்கு என்று புரியாமலே எடுத்துக்கொண்டு போனோம்.

அந்த சிஸ்டர் எதையும் விளக்கவில்லை. பாட்டிலை என் கையில் கொடுத்து, "வீட்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே எடுத்துக் காட்டுங்க தம்பி" என்றார். பையில் கிடந்த பழைய ஆரஞ்சு மூடியையும் புது சிவப்பு மூடியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பாட்டில்ல என்ன போட்டிருக்கு?"

படித்தேன். ஒரு மில்லிக்கு 40 யூனிட்.

"சிவப்பு மூடி 40க்கு. ஆரஞ்சு 100க்கு. ஆரஞ்சுல 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள வர்றது 8 யூனிட்தான்."

அப்படியென்றால் நான்கு நாள் காலையில் 20 என்று நினைத்து 8 போட்டிருக்கிறேன். சுகர் ஏறாமல் என்ன செய்யும்? அந்த 8ஐ 20 என்று நம்பி டாக்டர் 30 ஆக்கினார். சிவப்பு மூடி வந்ததும் அந்த 30 நிஜ 30 ஆகிவிட்டது. பாவம், வாழைப்பழத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சிஸ்டர் உடனே உள்ளே போய் டாக்டரிடம் சொல்லி, பழைய 20, 12க்கே மாற்றி எழுதி வாங்கி வந்தார். தலைகீழாக நடந்தால் இன்னும் மோசமாம்: பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் ஊசியில் போடும் மருந்துக் குப்பி (கார்ட்ரிஜ்) மில்லிக்கு 100 யூனிட், அதிலிருந்து சிவப்பு மூடியில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

அன்று முக்கால் மணி நேரம் எங்களோடு உட்கார்ந்தார். நான் செய்த தப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பால் போல் இருக்கும் கலவை இன்சுலின் அது, அடியில் தங்கிவிடும். நான் உருட்டவே இல்லை. குலுக்கக் கூடாது, இரு உள்ளங்கைக்கு நடுவில் பத்துத் தடவை மெதுவாக உருட்ட வேண்டும். பாட்டிலிலிருந்து மருந்து வராமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எடுக்கப்போகும் அளவுக்குக் காற்றை முதலில் உள்ளே விட வேண்டுமாம். செய்து பார்த்தேன், வெண்ணெய் மாதிரி வந்தது. தினமும் ஒரே இடத்தில் குத்தினால் அங்கே கொழுப்புக் கட்டி மருந்து ஒழுங்காக இறங்காது, இடம் மாற்ற வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டு போதும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். கரண்ட் இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீருக்குள் கவரில் கட்டி வைத்தால் தாங்கும் என்றார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டியைப் பார்த்து.

சர்க்கரைத் தண்ணீர் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டேன். மாத்திரைச் சீட்டில் வாக்ளிபோஸ் என்று இருந்ததைக் காட்டினார். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும், குளுக்கோஸ் பவுடர்தான் சட்டென்று ஏற்றும். 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட், ஏறாவிட்டால் இன்னொரு 15 கிராம், ஏறிய பிறகு சாப்பாடு. நினைவில்லாமல் விழுந்துவிட்டால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிட வேண்டும். இப்போது குளுக்கோஸ் பாக்கெட் திண்ணையில் ஒன்று, அப்பாவின் சட்டைப் பையில் ஒன்று.

கிளம்பும்போது என்னை நிறுத்திவிட்டு, அப்பாவைப் பார்த்து, "இப்ப நீங்க எடுத்துக் காட்டுங்கய்யா" என்றார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உருட்டி, காற்றை விட்டு, 20 கோட்டில் நிறுத்தினார். என்னைவிடச் சுத்தமாக எடுத்தார்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது புதிதாக இன்சுலின் என்றால், பழகுவதை டிஸ்சார்ஜ் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அதற்கு முந்தைய இரண்டு வேளை ஊசியை நீங்களே சிஸ்டர் முன்னால் போட்டுக் காட்டுகிறேன் என்று கேளுங்கள். பில் கவுன்டருக்கு ஓடின பிறகு வார்டில் உங்களை யாருக்கும் தெரியாது.

போன வாரம் புண் கட்டு மாற்ற மதுரை போனபோது அதே மெடிக்கலில் அப்பாவே சிரிஞ்சு கேட்டார். கடைப் பையன் எடுத்து வைத்தது ஆரஞ்சு மூடி. அப்பா பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவன் முன்னால் வைத்து, "இதுல என்ன எழுதியிருக்கு, படி தம்பி" என்றார். பின்னால் நான்கு பேர் க்யூவில் நின்றார்கள். படித்து முடிக்கும்வரை அப்பா நகரவில்லை.