அந்தப் படத்தை நான் காட்டவில்லை

கொலையான ஒரு சிறுவனின் சிதைந்த முகப் படத்தை வகுப்பில் காட்டாதது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். அதற்கு நான் சொன்ன காரணம்தான் நிற்கவில்லை.

பாடம், எம்மெட் டில் என்ற அந்தச் சிறுவனைப் பற்றி அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் குவெண்டலின் ப்ரூக்ஸ் எழுதிய சின்ன இரங்கற்பா. சிகாகோவிலிருந்து மிசிசிப்பி மாநிலத்தில் உறவினர் வீட்டுக்குப் போன 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை 1955 ஆகஸ்டில் வெள்ளையர்கள் தூக்கிப்போய்க் கொன்று ஆற்றில் போட்டார்கள். வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கூடிப் பேசி, குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் விடுதலை செய்தது. சில மாதங்களில் அவர்களே பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கொலைக்கு மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

கவிதையில் இது எதுவும் கிடையாது. அடக்கம் முடிந்தபின் தாய் ஒரு சிவப்பு அறையில் உட்கார்ந்து கறுப்புக் காபி குடிக்கிறாள். இரங்கற்பா கடைசியில் ஆறுதலுக்கு வரும் என்று அதற்கு முன்புதான் ஆங்கிலக் கவிஞர் மில்டனை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ப்ரூக்ஸிடம் அது வரவேயில்லை.

அப்போதுதான் ஒரு மாணவி கேட்டாள்: "சார், அந்த அம்மாவே சவப்பெட்டியை மூட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. நீங்க ஏன் படத்தைக் காட்டலை?"

"கவிஞரே காட்டலையேம்மா."

"அவங்க வாசகர்கள் முன்னாடியே பார்த்துட்டாங்க சார். நாங்க பார்க்கலையே."

உண்மைதான். சிதைந்த முகத்தை அமெரிக்கக் கறுப்பினத்தவரின் 'ஜெட்' பத்திரிகை அப்போதே அச்சிட்டது. கவிதை புத்தகத்தில் வந்தது 1960இல். தலைப்பே கதைப்பாடலின் கடைசி நாலடி என்கிறது. முன்கதை வாசகருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதியது. என் வாதத்துக்கு நான் நம்பியிருந்த கவிதை அவள் பக்கம் போய்விட்டது.

ஆனாலும், எழுபது பேர் போனோடு உட்கார்ந்திருக்கும் வகுப்பில், இரண்டு பீரியடுக்கு நடுவே அந்த முகத்தை ஸ்லைடாக ஓட்டுவதா? 2017இல் ஒரு வெள்ளை ஓவியர் அந்த முகத்தை வரைந்ததை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் மாட்டியபோது கறுப்பினக் கலைஞர்கள் எதிர்த்தார்கள். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அதற்கும் பதில் வைத்திருப்பாள்: உலகம் பார்க்கட்டும் என்றுதானே தாய் கேட்டார், அந்த உலகத்தில் நாம் இல்லையா?

நான் காத்தது அந்தச் சிறுவனின் மரியாதையையா, என் வகுப்பின் அமைதியையா? ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பதில் வருகிறது. இந்த செமஸ்டரும் அதே பாடம். படத்தைக் காட்டப்போவதில்லை. ஆனால் 'ஜெட்' பற்றி முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் கவிதைக்குப் போவேன். அவர்களே தேடிப் பார்ப்பார்கள் என்று தெரிந்துதான் சொல்லப்போகிறேன்.