இபோகேனுக்குப் போகிறவர்கள் முதலில் ஈ.சி.ஜி. தாளைக் கையில் வாங்குங்கள்

அபின் வகைப் போதைப் பழக்கத்தை விடுவதற்காகத் தம்பியை இபோகேன் சிகிச்சைக்கு மெக்சிகோ கூட்டிக்கொண்டு போய் வந்துவிட்டோம். இபோகேன் என்பது ஒரு ஆபிரிக்கச் செடியின் வேர்ப்பட்டையில் இருக்கும் மருந்துப்பொருள். ஆள் நன்றாக இருக்கிறான். ஆனால் போவதற்கு முன் ரொறன்ரோவில் அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

அமெரிக்காவில் இபோகேனுக்குத் தடை. கனடாவில் 2017இல் மருத்துவர் சீட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் எழுதிக் கொடுக்க அங்கீகாரம் பெற்ற மருந்து எதுவும் இல்லை. அதனால்தான் எல்லோரும் மெக்சிகோவின் திஹுவானா பக்கம் போகிறார்கள்.

முதலில் பிடித்த இடம் முற்பணம் வாங்கும்வரை ஆபிரிக்காவின் காபோன் காடு, அங்கே அந்த வேர்ப்பட்டையைத் தின்று செய்யும் புவிட்டி சடங்கு, வேர்ப்பட்டையின் மகிமை என்று தேனொழுகப் பேசியது. தம்பி அப்போது, போதைக்குப் பதிலாக வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மெதடோன் எடுத்துக்கொண்டிருந்தான். ஈ.சி.ஜி. எப்போது அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். "இளம் ஆள்தானே, இது இயற்கை மூலிகை, தேவையில்லை. மெதடோனை மூன்று நாளைக்கு முதல் நிறுத்தினால் போதும்" என்றார்கள். மூலிகை என்றதும் அம்மாவுக்குப் பயம் போய்விட்டது. எனக்கு அப்போதுதான் வந்தது. இபோகேன் இதயத்தின் க்யூ.டி. இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மின்னோட்டத்தை முடித்து அடுத்ததற்குத் தயாராகும் நேரத்தை, நீட்டும். மெதடோனும் அதைத்தான் செய்யும், உடம்பை விட்டுப் போகவும் நாளெடுக்கும். இரண்டும் சேர்ந்தால் துடிப்பு தாறுமாறாகி ஆளே போய்விடலாம். 1990க்கும் 2008க்கும் இடையில் இபோகேன் எடுத்தபின் இறந்த 19 பேரைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. போதிய விவரம் கிடைத்தவர்களில் பெரும்பாலானோரின் சாவில், முன்பே இருந்த நோய்க்கோ கூட எடுத்த வேறு போதைப்பொருளுக்கோ பங்கிருந்தது. அந்த இடத்தை விட்டோம். முற்பணம் இன்னும் வரவில்லை.

அடுத்த இடம் ஈ.சி.ஜி., ஈரல் பரிசோதனை, பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் கேட்டது. நல்ல அறிகுறி. ஆனால் இங்கே எடுத்த ஈ.சி.ஜி. அறிக்கையில் 'நோர்மல்' என்று ஒரு வரிதான் இருந்தது. கோடு கீறிய தாளும் க்யூ.டி.சி. எண்ணும் (துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய க்யூ.டி.) வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாளைக் கேட்டுப் போனால் வரவேற்பில் இருந்த பெண், நோயாளியே வந்து கையெழுத்து வைக்கவேண்டும் என்றா. கைகால் உளைவோடு கிடந்தவனை இழுத்துக்கொண்டு போனால், அன்றைக்குப் படிவம் கொடுக்கிறவர் லீவு! கடைசியில் கிடைத்த தாளில் க்யூ.டி.சி. 472 மில்லிசெக்கன். ஆண்களுக்கு 450ஐத் தாண்டினாலே நீளம்தான். இதுவா நோர்மல்?

மெதடோன் எழுதிக்கொடுக்கும் வைத்தியர் இபோகேன் என்றதும் முகத்தைச் சுளித்தார். எண்ணைக் காட்டிய பிறகு, அவரே மெதடோனை விட்டு, உடம்பிலிருந்து சீக்கிரம் போய்விடும் மோர்பின் குளிசைக்கு மெல்ல மெல்ல மாற்றினார். அதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். அவசரப்படுத்துகிற கிளினிக்கை நம்பாதீர்கள். மறுபடி எடுத்தபோது 431. அன்றைக்கு வீட்டில் கேசரி.

அங்கே நடந்தது சுருக்கம்: இதய மொனிட்டர், கையில் சேலைன், விடிய விடிய வாந்தி, நேராக நிற்க முடியாத தள்ளாட்டம், பிறகு நித்திரையே இல்லை. உளைவு பெரும்பாலும் அடங்கிவிட்டது.

திரும்பி வந்த பிறகுதான் பெரிய ஆபத்து. போதையைத் தாங்கும் சக்தி உடம்பில் விழுந்துவிடும். மறுபடி பழைய அளவில் போதையைத் தொட்டால் உயிர் போகும். அளவு மீறி எடுத்தவரைக் காப்பாற்றும் மாற்று மருந்தான நலொக்சோன் பெட்டி ஒன்ராறியோ மருந்தகங்களில் இலவசம், கேட்டு வாங்குங்கள். மூக்கில் எப்படி அடிப்பது என்று அம்மாவுக்கும் காட்டிக் கொடுத்தேன். "உன்ர வாயில நல்ல வார்த்தையே வராதோ" என்று பேசிப் பேசித்தான் பழகினா.