கென்யாவில் குழந்தைகள் இல்லத்துக்கு உதவப் போனேன்: திருப்பூரிலிருந்து செய்த ஏற்பாடுகள்

திருப்பூரில் டெய்லராக வேலைக்குச் சேர்ந்து, லைன் சூப்பர்வைசர் வரைக்கும் வந்தவள் நான். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, வெளிநாட்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் கொஞ்ச காலம் உதவியாக இருக்க வேண்டும் என்ற பழைய ஆசை மேலே வந்தது. நைரோபிக்குப் போய் வந்தாயிற்று. போக நினைக்கிறவர்கள் அடிக்கடி விசாரிப்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஏஜென்சியிடம் பேசினேன். பாஸ்போர்ட் நகலும் பணமும் அனுப்பினால் உடனே கிளம்பலாம் என்றார்கள். எனக்கு என்ன வேலை தெரியும், என்மேல் ஏதாவது வழக்கு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைக்குழந்தைகளின் படங்களை வாட்ஸ்அப்பில் வரிசையாக அனுப்பி, யாரைப் பார்த்துக்கொள்ள விருப்பம் என்று மட்டும் கேட்டார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. முன்பின் தெரியாத என்னை இப்படி உள்ளே விடுகிறவர்கள் வேறு யாரையெல்லாம் விடுவார்கள்? அதோடு விட்டுவிட்டேன்.

துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் சார்பில் எங்கள் கம்பெனியைச் சோதிக்க (பையர் ஆடிட்) வரும் ஒரு அம்மா இன்னொரு அமைப்பைச் சொன்னார். அங்கே எல்லாமே நேர் எதிர். வீடியோவில் நேர்காணல் வைத்தார்கள். சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேரின் எண்ணை வாங்கி, அவர்களே போன் போட்டு என்னைப் பற்றிக் கேட்டார்கள். போலீஸ் சான்று கேட்டார்கள். குழந்தைகளைப் படம் எடுக்கக் கூடாது, தனியாக எங்கும் கூட்டிப் போகக் கூடாது, கையில் பரிசு கொடுக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக விதிகள் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கடைசியாக, சின்னக் குழந்தைகளோடு உங்களுக்கு வேலையே இல்லை என்றார்கள்.

மனசு விட்டுப்போனது. பிறகு ஒருங்கிணைப்பாளர் பொறுமையாக விளக்கினார். உலகம் முழுக்க இப்படி இல்லங்களில் இருக்கும் ஐந்து குழந்தைகளில் நான்கு பேருக்காவது அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் தி சில்ட்ரன் என்ற உலகளாவிய தொண்டு நிறுவனம் 2009லேயே எழுதியிருக்கிறது. பிள்ளையை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாலும் வறுமைதான். மாசத்துக்கு ஒரு புது முகம் வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனால், ஒட்டிக்கொண்ட குழந்தை ஒவ்வொரு தடவையும் பிரிவைத் தாங்க வேண்டும். ருமேனியாவின் புக்கரெஸ்ட்டில் 2000இல் தொடங்கிய ஆய்வில், இரண்டு வயதுக்கு முன்பே விடுதியிலிருந்து ஒரு குடும்பத்துக்குப் போன குழந்தைகள் விடுதியிலேயே இருந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். கென்ய அரசும் 2017இல் புது இல்லங்களுக்குப் பதிவு தருவதை நிறுத்தியது. 2022இல் குழந்தைகளைக் குடும்பத்துக்கே அனுப்பப் பத்தாண்டுத் திட்டம் போட்டது. ஆகவே அவர்களுக்குத் தேவைப்பட்டது தாய்மார்களுக்குத் தொழில் சொல்லித்தர ஆள்.

"ஏங்கண்ணு, நம்மூர்ல இல்லாத கொழந்தைங்களா அங்க இருக்குது?" என்று கேட்டார் என் மாமியார். நியாயமான கேள்விதான். "அங்க தையல் சொல்லித்தர ஆள் வேணுமாமுங்க அத்தை. அது எனக்குத் தெரியுமுங்க" என்றேன். அதற்குமேல் அவர் தடுக்கவில்லை.

இனி காகித வேலை. போலீஸ் சான்றை பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிந்து, கோவை அவிநாசி சாலை அலுவலகத்துக்குப் போய் வாங்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு சேரன் எக்ஸ்பிரஸில் சென்னை போய், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை ஆயுசுக்கும் செல்லும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் தனிமையில் வைத்துவிடுவார்கள்.

2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசா கிடையாது, இடிஏ என்ற மின்னணு அனுமதிதான். ஆனால் சம்பளம் இல்லாத சேவை என்றாலும் சுற்றுலாவுக்கு வந்ததாகச் சொல்லிச் செய்யக் கூடாது. கொஞ்ச காலம் அங்கே வேலை செய்ய அனுமதிக்கும் ஸ்பெஷல் பாஸ் வேண்டும், அதற்கு அங்கே இருக்கும் அமைப்புதான் விண்ணப்பிக்கும். "அதெல்லாம் வேண்டாம், டூரிஸ்ட்டாக வாங்க" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள்.

நம்மூர்க்காரர்களுக்கென்றே ஒன்று: கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. சாம்பிள் துணியை பாலிபேக்கோடு பெட்டியில் அடுக்கிவிடாதீர்கள். நான் எல்லாவற்றையும் உருவி, பழைய தலையணை உறையில் போட்டு எடுத்துப் போனேன். கோவையிலிருந்து ஷார்ஜா வழியாக விமானம். நைரோபி ஏறக்குறைய குன்னூர் உயரம், ஸ்வெட்டர் கட்டாயம். சாப்பாடு பெரும்பாலும் உகாலி என்கிற மக்காச்சோளக் களியும் கீரைப் பொரியலும். களி தின்று வளர்ந்த எனக்கு அது சிரமமாகவே இல்லை.

வகுப்பில் மிதி மெஷின்களும் துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்றே ஒன்றும் இருந்தன. கிகோம்பா சந்தையில் பழைய டிசர்ட்டை வாங்கிவந்து, பிரித்து, குழந்தைத் துணியாகத் தைக்கப் பழக்கினேன். ஓவர்லாக்கில் அடியில் இருக்கும் லூப்பர் என்ற கொக்கிக்கு நூல் கோக்கும்போதுதான் எல்லோரும் திணறினார்கள். ட்வீசரை என் கையில் பிடித்துக் காட்டினால் புரியவில்லை; அவர்கள் கைமேல் என் கையை வைத்து ஓட்டியதும் பிடிபட்டது.

ஒரு தாய் தன் மகனுக்கு ஸ்கூல் டிரவுசர் வெட்டினாள். அளவு எங்கே என்று கேட்டேன். வேண்டாம், என் பிள்ளை அளவு எனக்குத் தெரியும் என்று இடுப்பருகே கையை வைத்துக் காட்டினாள். சனிக்கிழமை இல்லத்தில் இருந்த அவனைப் பார்க்கப் போனபோது, டிரவுசர் முழங்காலுக்கு ரொம்ப மேலேயே நின்றுவிட்டது, இடுப்பும் ஏறவில்லை. அவள் அழவில்லை. டேப்பை வாங்கி, அவன் உடம்பை மேலிருந்து கீழ்வரை நிதானமாக அளந்து, துணிச் சீட்டில் எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை வந்ததும் புதுத் துணியில் மறுபடி வெட்டினாள். எனக்குத்தான் அன்றைக்கு வேலை ஓடவில்லை.

உடனே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். சமூகப் பணியாளர் வீட்டைப் பார்ப்பார், பள்ளியைப் பார்ப்பார். முதலில் விடுமுறைக்கு மட்டும் அனுப்புவார்கள். ஆகஸ்ட் விடுமுறையில் அவன் அம்மாவிடம் இருந்துவிட்டு வந்தான். இப்போது நிரந்தரமாக அனுப்பும் பேச்சு நடக்கிறது.

நம்மூரிலும் பணமில்லாத ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை விடுதியில் சேர்க்க நினைப்பவர் யாராவது தெரிந்தால், முதலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குக் கூட்டிப் போங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களுக்குப் பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள்.

நைரோபி வகுப்பை இப்போது அங்கே கற்றுக்கொண்ட பெண்களே நடத்துகிறார்கள். மெஷின் மக்கர் செய்தால் வீடியோவில் கூப்பிடுகிறார்கள். ஒரு பள்ளி சீருடை ஆர்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறது; பீஸுக்கு என்ன விலை சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. காஸ்டிங், அதாவது விலைக் கணக்கு, நன்றாகத் தெரிந்த யாராவது வாரம் ஒரு மணி நேரம் போனில் சொல்லித்தர முடிந்தால் என்னிடம் சொல்லுங்கள். போலீஸ் சான்று மட்டும் அதற்கும் கேட்பார்கள்.